மூணாறில் முதல் குளிர்காலம்: புதிதாக வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூணாறுப் பள்ளிகளுக்கு மாற்றலாகி வரும் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஜூன் மாதத்தில்தான் வந்து சேர்கிறார்கள். அப்போது பெய்யும் இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையில் குடையும் செருப்பும் போய், துணியெல்லாம் பூசணம் பிடித்து, ஒருவழியாகச் செப்டம்பரைத் தாண்டியதும், இந்த ஊரில் படவேண்டிய பாட்டையெல்லாம் பட்டுவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். டிசம்பர் பிற்பாதியில் வரும் குளிருக்கு அவர்கள் ஆயத்தமாவதே இல்லை. நானும் 1998 ஜூனில் தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து அப்படித்தான் வந்தேன். அன்று நான் செய்த அதே தவறுகளை ஒவ்வொரு ஜனவரியிலும் யாராவது ஒருவர் செய்வதைக் காண்கிறேன். ஸ்வெட்டர் வாங்க வேண்டும், காதை மூட வேண்டும் என்பவற்றையெல்லாம் குளிரே கற்றுக்கொடுத்துவிடும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

மழை விட்டதும் குளிரும் விட்டது என்று நினைப்பது

துலா மழை எனப்படும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் கண்ணாடிபோல் தெளிந்து கிடக்கும் மாலையில், புதிதாக வந்தவர்கள் கம்பளியை மடித்து வைத்துவிடுகிறார்கள். உண்மையில் நாம் அஞ்ச வேண்டிய இரவு அதுதான். மேகம் இருக்கும்வரை அது நிலத்துக்குப் போர்வையாக இருந்து, பகலில் ஏறிய வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. மேகம் விலகி, காற்றும் அசையாமல் நின்றுவிட்டால், நிலத்தின் வெப்பம் தடையின்றி வானத்துக்குப் போய்விடுகிறது. அத்துடன், குளிர்ந்த காற்று கனமானதாகையால் தண்ணீரைப்போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. செண்டுவாரை, லட்சுமி, சைலன்ட் வேலி எஸ்டேட் பகுதிகளின் பள்ளங்களில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிப் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் காலை வேளையில், மேட்டில் இருக்கும் வீட்டு முற்றத்தில் வெறும் பனித்துளிதான் இருக்கும்.

ஆகவே, ஓடைக்குப் பக்கத்தில் இருக்கிறது, தண்ணீருக்கு வசதி என்று பள்ளத்து வீட்டை வாடகைக்குப் பிடிக்கிறவர்கள் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். தொட்டியில் செடி வளர்ப்பவர்கள் வானம் தெளிந்த மாலைகளில் இருட்டுவதற்கு முன்பே சாக்கால் மூடிவிட வேண்டும். காலையில் உறைபனியைப் பார்த்த பிறகு மூடுவதில் பயனில்லை.

கணப்புச் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது

மற்ற தவறுகளால் சளி பிடிக்கும், மாவு கெடும், பணம் போகும். இதனால் உயிர் போகும். இதை எத்தனை முறை சொன்னாலும் என் ஆத்திரம் அடங்குவதில்லை.

1999 பொங்கலை ஒட்டி என் தங்கையும் அவளுடைய இரண்டு வயது மகனும் என்னோடு தங்க வந்திருந்தார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் கோடியில், ஒரே அறையும் சமையல்கட்டும் கொண்ட வீடு. குழந்தை குளிரில் நடுங்குவதைப் பார்க்கச் சகிக்காமல், அடுப்புக் கரியை ஒரு பழைய இரும்புச் சட்டியில் அள்ளி, நன்றாகக் கனியவிட்டு, கட்டிலுக்கு அருகில் வைத்தேன். ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறதென்று பழந்துணியைத் திணித்தேன். விறகாக இருந்தால் புகையும், கரியில்தான் புகை இல்லையே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலையில் மூவருக்கும் தலை கனத்தது. எனக்கும் தங்கைக்கும் குமட்டலும் இருந்தது. பனி ஏறிவிட்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டோம். வெயிலில் உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. எனவே, பனியை இன்னும் நன்றாக விரட்டவேண்டும் என்று அன்றிரவு இரண்டு பங்கு கரியைப் போட்டேன்.

நள்ளிரவில் குழந்தை வாந்தி எடுத்து அழுதது. எழுந்து போக முயன்ற தங்கைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தேன். ஆனால் எழ வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. பக்கத்து வீட்டில் இருந்த, முப்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அம்மாச்சி, அழுகைச் சத்தத்தைக் கேட்டு ஓடிவந்து, தாழ்ப்பாள் பெயரும்படி கதவைத் தள்ளித் திறந்தார். "நெருப்ப மொதல்ல வெளிய எடுங்க டீச்சர், பிள்ளையத் தூக்குங்க" என்று அவர் கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. மருத்துவமனையில் மூவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்தோம்.

காற்று போதாத இடத்தில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிக்காது, இருமலையும் உண்டாக்காது. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு பற்றிக்கொள்வதால், மூச்சு சீராக ஓடிக்கொண்டிருக்கும்போதே உடம்புக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போகிறது. தூங்குகிறவர் விழிப்பதில்லை, விழித்தாலும், எனக்கு நேர்ந்ததுபோல, எழுந்து போகும் புத்தி மங்கியிருக்கும். குழந்தைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். புகை கண்ணை எரித்து நம்மை வெளியே துரத்திவிடும் என்பதால், புகையில்லாத கரியைத்தான் நாம் அதிகம் அஞ்ச வேண்டும்.

சென்ற ஜனவரியில் ஓர் இளம் ஆசிரியை என்னிடம், "பக்கத்துல ஒரு பாத்திரத்துல தண்ணி வச்சிருக்கோம் டீச்சர், ஒண்ணும் ஆகாது" என்றார். கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் கரைந்து போய்விடாது. அந்தப் பாத்திரத்தால் அறையின் வறட்சி வேண்டுமானால் குறையும். ஜன்னலை விரற்கடை அளவு திறந்து வைப்பதும் போதிய காவல் அல்ல. கொரோனா காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியையும் இதில் நம்பக்கூடாது. இந்த வாயு ஏறிய இரத்தத்தையும் அது நல்ல இரத்தம் என்றே கணக்கிட்டு 98 என்று காட்டக்கூடும். சுற்றுலா வருவோர் இறைச்சி சுட்ட அடுப்பை அணையாமலே கூடாரத்துக்குள் எடுத்துச் செல்வதும், கேஸ் கீசரைக் காற்றோட்டமில்லாத குளியலறையில் மாட்டுவதும் இதே தவறுதான்.

வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்து, காய்ச்சல் இல்லாமல், வெளியே போனால் குறைந்து, உள்ளே வந்தால் திரும்பினால், அது பனி அல்ல. உடனே எல்லோரையும் வெளியே கொண்டுவந்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

படுக்கையைச் சூடாக்க எத்தனையோ வழிகள் உண்டு. மருந்துக் கடையில் கிடைக்கும் ரப்பர் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் படுப்பதற்குச் சற்று முன்பு போர்வைக்குள் வைக்கலாம். அம்மாச்சி செங்கல்லை அடுப்போரத்தில் சூடேற்றிச் சாக்கில் சுற்றிக் கால்மாட்டில் வைப்பார். அந்த ஜனவரி முதல் எனக்கும் அதுவே பழக்கமாகிவிட்டது.

மேலே மூன்று போர்வை, கீழே வெறும் பாய்

குளிர் தரையிலிருந்துதான் ஏறுகிறது. ஒரு போர்வையை எடுத்துக் கீழே விரியுங்கள்.

இட்லி மாவுக்குச் சோடா உப்பு போடுவது

மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிரிகளுக்கு ஏறத்தாழ 30 டிகிரி வெப்பம் வேண்டும். ஜனவரி இரவில் இங்குள்ள சமையல்கட்டில் அவ்வளவு வெப்பம் இருக்காது. கம்பத்தில் இரவு அரைத்தால் காலையில் பொங்கி நிற்கும் மாவு, இங்கே வைத்தது வைத்தபடி இருக்கும். அதைப் பார்த்துப் பதறிச் சோடா உப்பு போட்டால் இட்லி உப்பும். ஆனால் புளிப்பின் சுவை வராது, சோடாவின் காறல்தான் வரும். வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்து, பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி, விறகடுப்பின் சூடு தணிந்த மேடையில் ஒரு முழுநாள் வைத்திருங்கள். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் இரண்டு மாதத்துக்கு இட்லியை மறந்துவிடலாம். புளிக்க வேண்டிய தேவையே இல்லாத அடையும், கொள்ளு ரசமும் சூடான சோறும், சுக்குக் காபியும் இந்தக் குளிருக்கென்றே அமைந்தவை. சுக்குக் காபிக்கு மறையூர்ச் சர்க்கரையைப் போட்டுப் பாருங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வெல்லம் இங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில், மழை மறைவுப் பகுதியில் விளையும் கரும்பிலிருந்து காய்ச்சப்படுகிறது.

கப்பையைக் குக்கரில் போடுவது

உயரம் கூடக்கூடத் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் குறைகிறது. ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் மூணாறில் அது 95 டிகிரி அளவில் இருப்பதால், பருப்பும் பயறும் திறந்த பாத்திரத்தில் வேக நெடுநேரமாகும். அவற்றுக்குக் குக்கர் சரிதான். ஆனால், அதே பழக்கத்தில் கப்பை எனப்படும் மரவள்ளிக்கிழங்கையும் குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடிவிடுகிறார்கள். அந்தக் கிழங்கில் இயல்பாகவே சயனைடை வெளியிடும் பொருள் உண்டு. கசக்கும் கிழங்கில் அது மிகுதி. கேரளத்துக்காரர்கள் கப்பையைச் சிறு துண்டுகளாக்கி, தாராளமான தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுவது இதற்காகத்தான். வேக நேரமாகட்டும். வடித்த கப்பையும் கருவாட்டுக் குழம்பும் மழை இருட்டிய மாலையில் தட்டுக்கு வரும்போது, அந்தக் காத்திருப்பு ஒரு பொருட்டாகவே தோன்றாது.

உறைந்த தேங்காய் எண்ணெய்க் குப்பியை நெருப்பில் காட்டுவது

வெந்நீரில் நிறுத்தி வைத்தால் போதும்.

சிலிண்டரைச் சூடாக்குவது

குளிரில் எரிவாயுவின் அழுத்தம் குறைந்து சுடர் மெலியும். அதற்காகச் சிலிண்டரை வெந்நீரில் வைப்பதோ அடுப்பருகே நகர்த்துவதோ கூடவே கூடாது.

மரத்த காலை நெருப்பில் நீட்டுவது

காலையில் பேருந்துக்கு நின்று விரல்கள் மரத்துப்போய் வீடு திரும்பியதும், காலை நேராக அடுப்புக்கு முன்னால் நீட்டத் தோன்றும். மரத்த தோலுக்குச் சூடு உறைக்காது என்பதால் தீப்புண் பட்ட பிறகே தெரியவரும்; அப்படிச் சுடாவிட்டாலும், குளிர்ந்த விரல்களைச் சட்டென்று சூடாக்கினால் அவை சிவந்து வீங்கி, இரவெல்லாம் அரிக்கும். ஈரக் காலுறையைக் கழற்றி, பாதத்தை நன்றாகத் துடைத்து, உலர்ந்த காலுறையை மாட்டிக்கொண்டு, ஒரு தம்ளர் கட்டன் சாயாவுடன் அடுப்பிலிருந்து இரண்டு முழம் தள்ளி உட்காருங்கள். கால் மணி நேரத்தில் விரல்களுக்கு உணர்ச்சி திரும்பிவிடும்.