முதுகு ஊசி: சீசனுக்கு முன்னாடி செய்யும் தவறுகள்

தருமபுரியில் பிசியோதெரபி பார்க்கிறேன். மாங்காய் சீசன் நெருங்கினால் இடுப்பு வலியோடு வருபவர்களிடம் ஒரே கேள்விதான்: "சார், முதுகுல ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கிட்டா சீசனைத் தாண்டிடலாமா?" முன்பு போட்டவர்கள் செய்ததையே புதிதாகப் போடுபவர்களும் செய்கிறார்கள். ஊசியன்று பைக் ஓட்டாதீர்கள் என்பதெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே சொல்வார்கள், விட்டுவிடுகிறேன்.

எல்லா இடுப்பு வலிக்கும் ஊசி கேட்பது

ஜவ்வு பிதுங்கி நரம்பை உறுத்தி, காலுக்குச் சுரீரென்று இறங்கும் வலிக்குத்தான் இது ஓரளவு கேட்கும். வெறும் இடுப்புப் பிடிப்புக்குப் பெரிய பலன் இல்லை. அந்தக் கால்வலியும் பலருக்கு 6 முதல் 12 வாரத்தில் தானே தணியும்.

வலி போனதும் லோடு ஏற்றுவது

இதுதான் எனக்கு எரிச்சல். சந்தூர் பக்கம் மண்டியில் லோடு ஏற்றும் அண்ணன் ஒருவர். ஊசிச் செலவை மண்டிக்காரரே அட்வான்ஸாகக் கொடுத்திருந்தார். அப்புறம் படுத்திருக்க விடுவாரா? வலி விட்ட மறுநாளே லாரி மேல் நின்றார். மருந்து நரம்பைச் சுற்றியுள்ள வீக்கத்தைத்தான் குறைக்கும், பிதுங்கியதை உள்ளே தள்ளாது. பலன் சில வாரம், அமைந்தால் சில மாதம். நடை, உடற்பயிற்சி என்று முதுகைத் தேற்ற வேண்டிய அந்த அவகாசத்தை அவர் மாங்காய்ப் பெட்டி தூக்கியே தீர்த்தார். சீசன் முடிவதற்குள் வலது பாதம் தூக்க வரவில்லை, நடந்தால் செருப்பு கழன்று விழுகிறது. அப்போதும் கேட்கிறார், "இன்னொரு ஊசி போட்டா சரியாகிடுமா?" பாதம் விழுந்தபிறகு ஊசிக்கு வேலையில்லை, உடனே அறுவை சிகிச்சை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மாத்திரையை மறைப்பது

ஸ்டீராய்டால் சர்க்கரை சில நாள் எகிறும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு ஊசியால் தண்டுவடத்தருகே ரத்தம் கட்டலாம். அதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய டாக்டர் சொல்லட்டும்.

சி-ஆர்ம் எக்ஸ்ரே இல்லாத இடம்

வேண்டாம். ஊசி எங்கே போகிறது என்று திரையில் பார்த்துக்கொண்டே போட உதவும் கருவி அது.

"ஒண்ணும் ஆகாது"

அரிதாக ஆகும். பார்வை இழப்பு, பக்கவாதம், கைகால் முடக்கம், மரணம்கூட நேரலாம் என்று 2014-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. ஊசிக்குப் பின் காய்ச்சலோ, உட்கார்ந்தால் கூடி படுத்தால் குறையும் தலைவலியோ வந்தால் போட்ட டாக்டருக்குச் சொல்லுங்கள். சிறுநீர் அடைத்தாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல், ராத்திரியே 108-ஐக் கூப்பிடுங்கள்.