செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறீர்களா? ஏர்பேக்கை இப்படிப் பாருங்கள்

போன வருடம் என் சித்தப்பா மகனுக்காக ஒரு பழைய ஹேட்ச்பேக் காரைப் பார்க்கப் போயிருந்தேன். எஞ்சின் சத்தம், கிளட்ச், டயர், ஏ.சி. எல்லாம் பார்த்தோம். ஏர்பேக்கைப் பற்றிக் கேட்டதற்கு விற்பவர், "ரெண்டு ஏர்பேக் இருக்கு சார், லைட்டுகூட எரியல பாருங்க" என்றார். நாங்களும் சரி என்று வந்துவிட்டோம்.

இரண்டாவது முறை போனபோது எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு மீட்டரைப் பார்த்தேன். ஏர்பேக் விளக்கு எரிந்தது. ஆனால் அணையவில்லை. எஞ்சினைக் கிளப்பிய பிறகுதான், ஆயில் விளக்கு அணைந்த அதே நொடியில் இதுவும் அணைந்தது. கூட வந்த மெக்கானிக்குக்கு அது போதுமாக இருந்தது. ஏர்பேக் விளக்கின் ஒயரை ஆயில் விளக்கின் ஒயரோடு இணைத்திருந்தார்கள். பயணி பக்க டாஷ்போர்டுக்குள் பையே இல்லை. அந்த இருக்கையில்தான் என் சித்தி உட்கார்ந்து போயிருப்பார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கீழே சொல்லும் எதற்கும் ஸ்பேனர் தேவையில்லை. கண்ணும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

ஏர்பேக் என்பது காற்று அடைத்து வைத்த பை இல்லை. மடித்து வைத்த நைலான் பை, அதன் பின்னால் ஒரு உலோகக் குடுவை, அதற்குள் வேகமாக எரிந்து வாயுவாக மாறும் வேதிப்பொருள். கார் மோதும்போது முன்பக்கத்திலும் நடுவிலும் உள்ள சென்சார்கள் வேகம் திடீரென்று குறைவதை உணர்கின்றன. ஏர்பேக் கம்ப்யூட்டர் (பல கார்களில் கியருக்குப் பக்கத்தில், கன்சோலுக்கு அடியில் இருக்கும்) உடனே ஒரு சின்ன மின்சாரத்தை அனுப்புகிறது. வேதிப்பொருள் பற்றிக்கொள்கிறது, பை விரிகிறது. பை விரிய ஆகும் நேரம் ஏறக்குறைய ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு. இமைப்பொழுது என்கிறோமே, அதில் பாதிகூட இல்லை.

இரண்டு விஷயங்களை இதிலிருந்து பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஏர்பேக் ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும். வெடித்த பையை மடித்து உள்ளே வைத்தால் அது வெறும் துணி. இன்னொன்று, சீட் பெல்ட் நம்மைப் பிடித்து வைத்திருந்தால்தான் பை சரியான இடத்தில் நம்மைத் தாங்கும். பெல்ட் போடாமல் முன்னால் சரிந்து வருபவரை, விரிந்துகொண்டிருக்கும் பையே பலமாக அடிக்கும். ஏர்பேக் மேல் எழுதியிருக்கும் எஸ்.ஆர்.எஸ். என்ற எழுத்துகளுக்கே துணைப் பாதுகாப்பு என்றுதான் பொருள். முதல் பாதுகாப்பு பெல்ட்.

படி 1: அந்தக் காரில் எத்தனை ஏர்பேக் இருக்க வேண்டும்?

இது தெரியாமல் மற்றதைப் பார்த்துப் பயனில்லை. இந்தியாவில் ஓட்டுநர் பக்க ஏர்பேக் 2019 ஜூலை 1 முதல்தான் கட்டாயமானது. முன் பயணிக்கான ஏர்பேக், புதிதாக வந்த மாடல்களுக்கு 2021 ஏப்ரல் 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2021 டிசம்பர் இறுதியோடும் கட்டாயமானது. ஆறு ஏர்பேக் வேண்டும் என்ற பேச்சு 2022ல் எழுந்தாலும் அது கட்டாயச் சட்டமாகவில்லை.

ஆகவே 2015, 2016 காலத்துக் கார்களில், ஒரே மாடலின் விலை குறைந்த வேரியன்டில் (வகையில்) ஏர்பேக் இல்லாமலும் விலை கூடிய வேரியன்டில் இரண்டு இருந்தும் வந்திருக்கும். ஆர்.சி.யில் உள்ள வேரியன்ட் பெயரையும் தயாரித்த மாதத்தையும் குறித்துக்கொண்டு, அந்த வருடத்து பிரோஷரைத் தேடிப் பாருங்கள். பின்னால் ஒட்டியிருக்கும் வேரியன்ட் எழுத்தை நம்ப வேண்டாம். அது கடையில் கிடைக்கும் ஸ்டிக்கராகவும் இருக்கலாம்.

படி 2: விளக்குச் சோதனை

இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

எஞ்சின் அணைந்திருக்கட்டும். சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பட்டன் ஸ்டார்ட் என்றால், கிளட்ச்சையோ பிரேக்கையோ மிதிக்காமல் பட்டனை ஓரிரு முறை அழுத்துங்கள். மீட்டரில் பல விளக்குகள் எரியும். பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆளின் முன்னால் ஒரு பெரிய உருண்டை இருப்பது போன்ற படம்தான் ஏர்பேக் விளக்கு. சில பழைய கார்களில் எழுத்தாகவே இருக்கும்.

இப்போது எஞ்சினைக் கிளப்பாமல் பத்து நொடி எண்ணுங்கள். கம்ப்யூட்டர் தன்னைத் தானே சோதித்து முடித்ததும் ஏர்பேக் விளக்கு தனியாக அணைய வேண்டும். பல கார்களில் இதற்கு ஆறு நொடி போல ஆகும். ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் அப்போதும் எரிந்துகொண்டிருக்கும்.

விளக்கு எரியவே இல்லையா? பல்பை எடுத்திருக்கலாம், மறைத்திருக்கலாம், ஒயரை வெட்டியிருக்கலாம். விற்பவர்கள் பெருமையாகச் சொல்லும் "லைட்டே எரியல" என்பது இந்த இடத்தில் கெட்ட செய்தி. எரிந்து அணையாமல் இருந்தாலும் விட்டு விட்டு மின்னினாலும் பழுது உள்ளது என்று பொருள். அந்த நிலையில் பெரும்பாலான கார்களில் விபத்து நடந்தால் பை விரியும் என்று நம்ப முடியாது. வேறொரு விளக்கோடு ஒட்டிப் பிறந்தது போலச் சேர்ந்து எரிந்து சேர்ந்து அணைந்தால், நாங்கள் பார்த்த கதைதான்.

இந்தச் சோதனையை ஒரு முறை செய்துவிட்டு நிறுத்தாமல், கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டும் செய்யுங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பும்போது விளக்கு எரிந்தாலோ, ஹாரன் சரியாக அடிக்காவிட்டாலோ, ஸ்டீயரிங் வீலுக்கு அடியில் உள்ள சுருள் கேபிள் போயிருக்க வாய்ப்பு அதிகம். மெக்கானிக்குகள் கிளாக் ஸ்பிரிங் என்பார்கள். ஹாரனுக்கும் ஏர்பேக்கிற்கும் அதே கேபிள்தான். இது சரிசெய்யக்கூடிய பழுது, பயப்பட வேண்டாம்.

படி 3: கண்ணால் பார்ப்பது

விளக்கு சரியாக அணைந்துவிட்டது என்பதற்காக நிறுத்திவிடக் கூடாது. ஏர்பேக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு பையின் சுற்றிலும் மின்தடையை அளந்துதான் "பை இருக்கிறது" என்று முடிவு செய்கிறது. அந்தத் தடை இரண்டு, மூன்று ஓம்தான். பை இருந்த இடத்தில் சில ரூபாய் விலையுள்ள ரெசிஸ்டரைச் செருகினால் கம்ப்யூட்டர் ஏமாந்துவிடும், விளக்கும் ஒழுங்காக அணையும். இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஓர் உயிரின் விலையைச் சில ரூபாயில் முடிக்கிறார்கள்.

ஆகவே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்டீயரிங் நடு மூடியின் நிறமும் சொரசொரப்பும் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கோடு ஒத்துப்போகிறதா? ஓரங்களில் இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா? பயணி பக்க டாஷ்போர்டில் புட்டி வைத்துப் பெயின்ட் அடித்த தடம், பசை, புதிதாகத் தைத்த உறை இருக்கிறதா? பழைய காரில் டாஷ்போர்டு மட்டும் பளபளவென்று இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

அப்புறம் சீட் பெல்ட். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஏர்பேக் விரியும் விபத்தில், பெல்ட்டை இறுக்கும் ப்ரீடென்ஷனரும் பெரும்பாலும் சேர்ந்தே வெடிக்கும். பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள். பாதியில் சிக்கினாலோ, திரும்பச் சுருளாவிட்டாலோ, பக்கிள் பகுதி மற்றதைவிடக் கீழே இறங்கி இருந்தாலோ சந்தேகப்படலாம். பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் லேபிளில் தயாரித்த தேதி இருந்தால், அது காரின் வயதோடு பொருந்த வேண்டும்.

படி 4: தண்ணீரில் நின்ற காரா?

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை கார்கள் வெள்ளத்தில் நின்றன என்பதை நாம் பார்த்தோம். ஏர்பேக் கம்ப்யூட்டர் பெரும்பாலும் தரையோடு ஒட்டி இருக்கும். இருக்கைக்கு அடியிலும் மஞ்சள் நிற கனெக்டர்கள் இருக்கும். ஏர்பேக், ப்ரீடென்ஷனர் ஒயர்களுக்கு மஞ்சள் நிறம் வழக்கம். தண்ணீர் புகுந்த காரில் இவை மெல்ல மெல்லத் துருப்பிடிக்கும். வாங்கும் அன்று எல்லாம் சரியாக இருந்து ஆறு மாதம் கழித்து விளக்கு எரியும்.

டார்ச் அடித்து இருக்கைக்கு அடியில் பாருங்கள். இருக்கை முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் வண்டல், மக்கிய வாசனை இருந்தால் அந்தக் காரை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து. மஞ்சள் கனெக்டரைக் கையால் அசைத்துப் பார்க்காதீர்கள்.

படி 5: சேஸிஸ் நம்பரை வைத்து ரீகால் (குறை சரிசெய்ய நிறுவனமே காரைத் திரும்ப அழைப்பது) பார்ப்பது

ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக் குடுவைகளில் அமோனியம் நைட்ரேட் பயன்படுத்தினார்கள். பல வருட வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அது தரம் குறைந்து, வேண்டியதைவிட வேகமாக எரிந்து, குடுவையையே வெடிக்கச் செய்தது. உலோகத் துண்டுகள் பயணிகள் மேல் பாய்ந்தன. உயிர்கள் போயின. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் குடுவைகள் திரும்பப் பெறப்பட்டன. 2017 ஜூனில் டகாட்டா திவாலானது. இந்தியாவிலும் ஹோண்டா உள்ளிட்ட நிறுவனங்கள் இதற்காகக் கார்களைத் திரும்ப அழைத்து இலவசமாக மாற்றிக் கொடுத்தன.

வெப்பமும் ஈரமும்தான் அதற்கு எதிரி என்றால், நம் கடலோர ஊர்களில் ஓடிய பழைய காருக்கு இந்தச் சோதனை எவ்வளவு முக்கியம் என்று நீங்களே புரிந்துகொள்ளலாம். ஆர்.சி.யில் உள்ள 17 எழுத்து சேஸிஸ் நம்பரைக் கார் நிறுவனத்தின் இணையதளத்தில் ரீகால் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். மாற்ற வேண்டியது பாக்கி இருந்தால் பழைய காருக்கும் வழக்கமாகப் பணம் வாங்குவதில்லை.

படி 6: ஸ்கேன்

கடைசியாக, ஏர்பேக் பகுதியைப் படிக்கக்கூடிய ஸ்கேனரால் சோதிக்கச் சொல்லுங்கள். ஆன்லைனில் கிடைக்கும் மலிவான ஓ.பி.டி. கருவிகள் (காரில் செருகிப் பழுதைப் படிப்பவை) பெரும்பாலும் எஞ்சின் பழுதுக் குறியீடுகளை மட்டுமே காட்டும். ஏர்பேக் குறியீடுகள் B என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். விபத்துப் பதிவு கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்றும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதோடு சர்வீஸ் வரலாறு, இன்சூரன்ஸ் க்ளெய்ம் விவரம். முன்பக்கப் பெரிய விபத்து என்று க்ளெய்ம் இருந்து, ஏர்பேக் மாற்றிய பில் இல்லாவிட்டால், பயணி பக்கப் பையை நேரில் காட்டச் சொல்லிக் கேட்கலாம். அதைக் கழற்றிக் காட்ட வேண்டியது பயிற்சி பெற்ற மெக்கானிக்.

நீங்கள் செய்யவே கூடாதவை

மல்ட்டிமீட்டரால் ஏர்பேக் ஒயரை அளக்காதீர்கள். மீட்டர் அனுப்பும் சின்ன மின்சாரமே பையை வெடிக்க வைக்கலாம். ஸ்டீயரிங்கைக் கழற்றாதீர்கள். பேட்டரியைக் கழற்றினாலும் கம்ப்யூட்டரில் சில நிமிடம் மின்சாரம் தேங்கி நிற்கும்.

கார் உங்கள் வீட்டுக்கு வந்த பிறகு

டாஷ்போர்டில் பிள்ளையார் சிலை, வேளாங்கண்ணி மாதா சுரூபம் ஒட்டுவது நம் ஊர் வழக்கம். பயணி பக்க ஏர்பேக் மூடியின் மேல் மட்டும் வேண்டாம். பை விரியும்போது அது முகத்தை நோக்கி எறியப்படும். நடுவில், மூடிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள இருக்கைக்கு அதற்கென்று தைத்த உறைதான் போட வேண்டும். காரின் முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்பு (கிராஷ் கார்டு) சென்சாருக்குப் போக வேண்டிய அதிர்வை மாற்றிவிடும். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது, கழற்றிவிடுங்கள்.

ஓட்டுபவரின் மார்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் 25 சென்டிமீட்டராவது இடைவெளி இருக்கட்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார வேண்டாம். பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கையை, வேலை செய்யும் ஏர்பேக் முன்னால் ஒருபோதும் வைக்காதீர்கள். பின் இருக்கைதான் குழந்தைகளுக்கு.

என் தம்பி கடைசியில் வேறொரு கார் வாங்கினான், அதே மாடல்தான். இப்போதும் தினமும் காலையில் சாவியைத் திருப்பி அந்த விளக்கு அணையும்வரை காத்திருந்துதான் எஞ்சினைக் கிளப்புகிறான்.