வியர்வையை எடை போட்டுப் பாருங்கள்

நீச்சல் 3.8 கிலோமீட்டர், சைக்கிள் 180, ஓட்டம் 42.2. மூன்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டிய மலேசியாவின் லங்காவி அயர்ன்மேன் போட்டிக்குப் பெயர் கொடுத்த அன்று இந்த மூன்று எண்களையும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். நான்காவதாக ஒரு எண்ணையும் ஒட்டியிருக்க வேண்டும்: மணிக்கு எத்தனை லிட்டர் வியர்க்கிறேன்?

அதற்கு வீட்டுத் தராசு போதும். ஓடப் புறப்படும் முன் உடையில்லாமல் எடை பாருங்கள். போட்டி வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு, நன்றாகத் துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஓடிய ஒரு காலையில் என் எடை 68.4-லிருந்து 67.2 கிலோவுக்கு இறங்கியது. வழியில் 300 மில்லி குடித்திருந்தேன். ஆக, 1.5 லிட்டர் போயிருக்கிறது, அதுவும் வெயில் ஏறும் முன்பே! சிங்கப்பூரில் விடியற்காலையில்தான் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். சொட்டிக்கொண்டே போனால் தண்ணீர்தான் நஷ்டம். சைக்கிளில் காற்று படுவதால் கணக்கு வேறு, அதைத் தனியாக எடுங்கள்.

போனது அத்தனையையும் குடித்தே ஈடுகட்டப் பார்க்காதீர்கள், வயிறு தாங்காது. வெறும் தண்ணீராகக் குடிக்கவே வேண்டாம். முதல் வருடம் தானா மேரா கோஸ்ட் சாலையில் ஐந்து மணி நேரம் தண்ணீர் மட்டுமே குடித்து ஓட்டினேன். வீட்டுக்கு வந்தபோது தலைவலி, குமட்டல். விரல் வீங்கி மோதிரம் கழலவில்லை. கறுப்பு ஜெர்சியின் முதுகு முழுக்க உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. துவைக்க எடுத்த அம்மா, “இவ்ளோ உப்பு வெளிய போயிருக்கே, உள்ள என்னடா போட்ட?” என்று கேட்டார். தண்ணீர் மிஞ்சி ரத்தத்தில் சோடியம் குறைந்தால் உயிருக்கே ஆபத்து என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இப்போது என் பாட்டிலில் 750 மில்லி தண்ணீர், 60 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு கலமான்சி (சின்ன எலுமிச்சை வகை) பிழிந்த சாறு. உப்பிலிருந்து சுமார் 600 மில்லிகிராம் சோடியம் கிடைக்கும். சைக்கிளில் மணிக்கு ஒரு பாட்டில் என்று வைத்திருக்கிறேன். உங்கள் வியர்வைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். சர்க்கரையில் குளுக்கோஸ் பாதி, ஃபிரக்டோஸ் பாதி. குடல் இரண்டையும் தனித்தனி வழியில் உறிஞ்சுவதால் தேக்கம் குறைவு. எடுத்த எடுப்பில் 60 கிராம் வேண்டாம். மணிக்கு 30 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டுங்கள். கால்களைப் பழக்குவது போலத்தான் வயிற்றையும் பழக்க வேண்டும். குமட்டினால் முதலில் வேகத்தைக் குறையுங்கள்.

ஞாயிறு விடியற்காலை நீண்ட சவாரிக்குக் கூட்டாளிகளோடு போனால், ஒற்றை வரிசையில் ஐந்து பேருக்கு மேல் கூடாது என்ற சாலை விதியை மறக்காதீர்கள். சைக்கிளை வைத்த கையோடு ஈஸ்ட் கோஸ்ட்டில் அரை மணி நேரம் ஓடுங்கள். குடித்தது வயிற்றில் தங்குகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

நீச்சலுக்கு 50 மீட்டர் குளத்தில் 76 நீளம். நம் பக்கத்துக் கடல் வெதுவெதுப்பானது, மிதக்க உதவும் ரப்பர் உடையான வெட்சூட்டுக்கு அனுமதி கிடைக்காது என்றே நினைத்துப் பழகுங்கள்.

சைக்கிளில் மணிக்கொருமுறை கட்டைவிரலால் மோதிரத்தைத் திருகிப் பார்ப்பது எனக்கு இன்றும் வழக்கம். இறுகியிருந்தால் குடிப்பதைக் குறைப்பேன். கூடவே தலைவலியும் குமட்டலும் வந்தால் அன்றைய பயிற்சி அத்தோடு சரி, நேரே டாக்டரிடம்தான்.