உச்சத்தை விடுங்கள், வாலைப் பாருங்கள்: இதயச் செல்லில் கடற்சாமந்தி நஞ்சைச் சோதிக்கும் முறை

கடற்சாமந்தி என்ற கடல்விலங்கின் ஏடிஎக்ஸ்-2 நஞ்சை இதயச் செல்லின்மேல் ஓடவிட்டு, சோடியம் மின்னோட்டத்தின் உச்சத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் கடைசியில் உதட்டைப் பிதுக்குவார்கள்: "ஒன்றுமே நடக்கவில்லையே!" நடக்கிறது, அவர்கள் பார்க்கும் இடத்தில்தான் இல்லை.

இதயச் செல்லின் சோடியம் சேனல், அதாவது சோடியம் உள்ளே நுழையும் சவ்வுவாயில், கண நேரம் திறந்து, சில மில்லிநொடிகளில் தானே அடைத்துக்கொள்ளும். 47 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதமான ஏடிஎக்ஸ்-2 சேனலின் நான்காம் பிரிவில் வெளிப்புறமாக ஒட்டிக்கொண்டு அந்த அடைப்பைத் தாமதப்படுத்துகிறது. சோடியம் உள்ளே கசிந்துகொண்டே இருப்பதால் மின்னோட்டத்துக்கு ஒரு நீண்ட வால் முளைக்கிறது. துடிப்புக்குப் பின் இதயம் மின்னளவில் மீளத் தாமதமாகும், பிறவியிலேயே வரும் நீள் க்யூடி நோயின் மூன்றாம் வகையிலும் கோளாறு ஏறக்குறைய இதுவே.

செல்லைத் தேர்ந்தெடுப்பதில் கறாராக இருங்கள். நீள் கோல் வடிவம், கூர்மையான விளிம்புகள், தெளிவான குறுக்குவரிகள், தூண்டாதவரை அசையாத உடம்பு: இவை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தானாகத் துடித்துக்கொண்டிருப்பதை ஒதுக்கிவிடுங்கள். அதில் ஏற்கெனவே கால்சியம் புகுந்துவிட்டது.

செல்லில் ஒட்டி மின்னோட்டத்தை அளக்கும் கண்ணாடிப் பைப்பெட்டின் மின்தடை இரண்டு மெகா ஓம் அளவில் இருக்கட்டும். பொட்டாசியம் மின்னோட்டம் குறுக்கிடாமல் இருக்க உள்கரைசலில் பொட்டாசியத்துக்குப் பதில் சீசியம், வெளியே கால்சியம் சேனலை அடைக்க நிஃபெடிபின். உச்சத்தை நேர்மையாக அளக்க வேண்டுமானால் வெளிச் சோடியத்தை வெகுவாகக் குறைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் பெருமின்னோட்டம் ஆம்பிளிஃபையரின் பிடியை மீறிவிடும். வால் சிறியது, அதற்கு முழுச் சோடியமே நல்லது. இரண்டையும் ஒரே கரைசலில் அளக்க ஆசைப்படாதீர்கள்.

மின்னழுத்தத்தை மைனஸ் 120 மில்லிவோல்ட்டில் நிறுத்தி, மைனஸ் 20க்கு உயர்த்தி, 300 மில்லிநொடி வைத்திருங்கள். கடைசி 50 மில்லிநொடியின் சராசரிதான் உங்களுக்கு வேண்டிய எண். நஞ்சு சேர்க்கும் முன் அந்த எண் சில நிமிடங்கள் நகராமல் நிற்க வேண்டும். ஆரோக்கியமான செல்லில் அது உச்சத்தின் ஒரு சதவீதத்தைத் தொடுவதே அரிது. இந்தப் புரதம் கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொண்டு காணாமல் போகும் என்பதால், கரைசலில் 0.1 சதவீதம் ஆல்புமின் கலந்துகொள்ளுங்கள். ஒப்பீட்டுக் கரைசலிலும் அதே அளவு ஆல்புமின் இருக்க வேண்டும்.

அடுத்த படிதான் பலரும் சோம்பலில் விட்டுவிடுவது. பைப்பெட்டைச் சுற்றிய கசிவும் வால்போலவே தோன்றும். எனவே முடிவில் அதே செல்லுக்குப் பேத்தை மீனின் நஞ்சான டெட்ரோடோடாக்சினை 30 மைக்ரோமோலார் கொடுத்து, மிஞ்சும் மின்னோட்டத்தைக் கழித்துவிடுங்கள். இப்படிச் சேனலை அடைத்துக் கழிக்காமல் பதிவான வாலை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

டெட்ரோடோடாக்சின் ஏன் இவ்வளவு அதிகம்? நரம்புச் சேனல்களை அடைக்கச் சில நானோமோலார்களே போதும். இதயத்தின் சோடியம் சேனலான என்ஏவி 1.5-இல், துளையின் வாயருகே டைரோசினோ ஃபினைலலனினோ இருக்க வேண்டிய இடத்தில் சிஸ்டீன் இருக்கிறது. அந்த ஒற்றை அமினோ அமிலத்தால் நஞ்சின் பிடி நூறு மடங்குக்கும் மேல் தளர்ந்துபோகிறது. நரம்புச் செல்லுக்கான செய்முறைக் குறிப்பை அப்படியே பின்பற்றினால் பெரும்பாலான சேனல்கள் அடைபடாமலே இருக்கும்.

இதயச் சேனல் தாங்குகிறது என்பதற்காக நீங்கள் அலட்சியமாக இருக்க முடியாது. மூச்சுத் தசைகளை முடக்கிக் கொல்லும் டெட்ரோடோடாக்சினுக்கு மாற்று மருந்து இல்லை. பொடியை எடைபோடாதீர்கள், அளந்து அடைத்த குப்பியை வாங்கி, அதற்குள்ளேயே கரையுங்கள். கையுறை கட்டாயம், கழிவுக்குத் தனிப் புட்டி.

வால் தெரிந்ததும், புதிய செல்லுக்கு ஏடிஎக்ஸ்-2 கொடுத்து, பொட்டாசியம் நிரப்பிய பைப்பெட்டுடன் செயல் மின்னழுத்தத்தை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் செல்லின் மின்னழுத்தம் ஏறி இறங்குவதை, பதியுங்கள். மெதுவாகத் தூண்டுங்கள், துடிப்பு மெதுவாகும்போதுதான் நஞ்சின் விளைவு பெரிதாகத் தெரியும். மின்னழுத்தம் கீழிறங்காமல் இழுத்துக்கொண்டே போய், பாதி வழியில் மறுபடி மேலே துள்ளும். அந்தத் துள்ளலைப் பார்த்த பிறகு வாலைக் குறைக்கும் மருந்தான ரனோலசினை 10 மைக்ரோமோலார் கொடுத்துப் பாருங்கள். வால்தான் காரணம் என்றால் பதிவு சுருங்க வேண்டும்.