டாவி சிகிச்சை: இதயத் தமனி அடைபடாமல் இருக்கத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காங்கேயம், தாராபுரம் பக்கமிருந்து மஞ்சப்பையில் எக்கோ தாள்களோடு கோவைக்கு வரும் குடும்பங்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "நெஞ்சைத் தொறக்காமயே வால்வு மாத்தீர்லாம்னு சொன்னாங்க, அப்புறம் என்னங்க பயம்?" அவர்கள் சொல்வது டாவி (TAVI), அதாவது இதயத்திலிருந்து மகாதமனிக்கு ரத்தம் செல்லும் வாயிலில் உள்ள வால்வுக்குள், பெரும்பாலும் தொடை ரத்தக்குழாய் வழியாகப் புதிய வால்வைப் பொருத்தும் சிகிச்சை. நெஞ்சைத் திறப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால், தொடை வழியாகச் செல்லும் புதிய வால்வு பழையதை வெட்டி எடுப்பதுமில்லை. திறந்து மூடும் பழைய வால்வின் இதழ்களை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுத்தான் விரிகிறது. அப்படித் தள்ளப்பட்ட இதழ், அருகிலேயே தொடங்கும் இதயத் தமனியின் வாயை மூடிவிட்டால் ரத்த அழுத்தம் நொடிகளில் சரியும். நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே இது நேர்கிறது என்றாலும், 2013இல் வெளியான ஒரு பன்னாட்டுப் பதிவில் இப்படி அடைபட்டவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் 30 நாட்களுக்குள் இறந்திருந்தனர்.

முதல் தவறு, தமனி வாய் வால்வின் அடிவளையத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து முடிவு செய்வது. உயரம் 12 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் எச்சரிக்கை வேண்டும் என்பது டாக்டர்கள் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் மகாதமனியின் அடிப்பகுதி விரிந்திருந்தால் 10 மில்லிமீட்டர் உயரமுள்ளவர்கூடத் தப்பிவிடலாம், அதுவே அந்த அடிப்பகுதியின் அகலம் 30 மில்லிமீட்டருக்கும் கீழாகக் குறுகி, இதழ் நீளமாகவும் சுண்ணாம்பு படிந்தும் இருந்தால் 13 மில்லிமீட்டர் உயரமும் காப்பாற்றாமல் போகலாம். இந்த அளவுகளை எக்கோவால் நம்பிக்கையாகச் சொல்ல இயலாது. இதயத் துடிப்போடு இணைத்து எடுக்கும் சி.டி. ஸ்கேன் வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவர் என்பதற்காக அதைக் கைவிட வேண்டியதில்லை, ஸ்கேனுக்காக ரத்தத்தில் செலுத்தும் சாயத்தின் அளவைக் குறைத்தே எடுக்கலாம்.

குடும்பத்தார் செய்யும் தவறும் ஒன்று உண்டு. எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான். முன்பே அறுவை சிகிச்சையில் திசு வால்வு (விலங்குத் திசுவால் ஆனது) பொருத்தியவருக்கு அதற்குள்ளேயே புதிய வால்வை வைக்கும்போது ஆபத்து பல மடங்கு கூடுகிறது. பழைய வால்வின் இதழ்கள் அதன் சட்டகத்துக்கு வெளிப்புறம் தைக்கப்பட்டவையா, சட்டகமே இல்லாத வகையா என்பதைப் பொறுத்து முழுத் திட்டமும் மாறும். அந்த விவரம், டிஸ்சார்ஜ் ஆன அன்று கையில் கொடுத்த சிறிய அட்டையில் இருக்கும். வீடு மாறும்போதும் வெள்ளையடிக்கும்போதும் தொலைவது பெரும்பாலும் அந்த அட்டைதான். வால்வின் பெயரும் அளவும் தெரிந்தால்தான், புதிய வால்வுக்கும் தமனி வாய்க்கும் இடையே 4 மில்லிமீட்டராவது எஞ்சுமா என்று சி.டி. படத்திலேயே வைத்துப் பார்க்க முடியும்.

அடுத்தது, அடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற துணிச்சல். வால்வு விரிந்தபின் அதன் கம்பிவலையைத் தாண்டித் தமனிக்குள் நுழைவது கடினம். ஆகவே ஆபத்துள்ளவருக்கு முன்கூட்டியே தமனிக்குள் கம்பியும், தேவைப்பட்டால் விரிக்காத ஸ்டெண்டும் வைத்திருக்க வேண்டும். வால்வு விரிந்தபின் எடுக்கும் படத்தில் தமனியின் ரத்த ஓட்டம் நன்றாகத் தெரிந்த உடனேயே அவசரப்பட்டு அவற்றை உருவிவிடுவதும் தவறே. பழைய இதழை மின்சாரம் பாய்ச்சிய கம்பியால் நடுவில் கீறிவிடும் முறையும் இருக்கிறது, ஆனால் அது கைப்பழக்கம் உள்ள குழுவுக்கு மட்டுமே உரியது. இவை எதுவும் பொருந்தாதவருக்கு, உடல் தாங்குமானால், நெஞ்சைத் திறந்து செய்யும் சிகிச்சையே பாதுகாப்பானது என்று டாக்டர் சொன்னால் அதைப் பின்னடைவாக எண்ண வேண்டாம்.

அடைப்பு சில மணி நேரம் கழித்தும், அரிதாகச் சில நாட்கள் கழித்தும் வரக்கூடும். வீடு திரும்பிய அப்பாவுக்கு நெஞ்சு அழுத்தி வியர்த்தால், வாயுத் தொல்லை என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். வருகிறவர்களிடம் முதல் வார்த்தையாக, டாவி செய்தவர் என்பதையும் செய்த தேதியையும் சொல்லுங்கள்.