வீட்டு ரோஜா: இலையில் தெரியும் குறை, வேரில் இருக்கும் தவறு

நர்சரியில் கொத்தாகப் பூத்து நின்ற ரோஜாச் செடி, வீட்டுக்கு வந்த ஒரு மாதத்திற்குள் இலை உதிர்ந்து வெறுங்குச்சியாகிவிடுவது பலர் வீட்டிலும் நடப்பதுதான். உடனே பூச்சி விழுந்துவிட்டது என்று மருந்து தெளிக்கிறோம். ஆனால் தவறு பெரும்பாலும் மண்ணுக்குள் நடந்திருக்கும்.

ஒட்டுச் செடிகள் பலவும் வேரைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டையோடுதான் விற்பனைக்கு வருகின்றன. அதை அப்படியே குழியில் இறக்குவதுதான் முதல் தவறு. என் தோட்டத்தில் பட்டுப்போன ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தபோது, நட்டு ஐந்து மாதமாகியும் அந்த உருண்டை தேங்காய் அளவில் கரையாமல் இருந்தது. சுற்றிலும் மண் ஈரமாக இருக்க, உருண்டையைப் பிளந்தால் உள்ளே செங்கல்போலக் காய்ந்திருந்தது. நாள்தோறும் தண்ணீர் ஊற்றியும் அந்தச் செடி தாகத்தில்தான் செத்திருக்கிறது. நடுவதற்கு முன் உருண்டையை வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வெளிமண்ணை விரலால் மெல்லக் கரைத்துவிட்டு, சல்லிவேர் அறாமல் மாலையில் நட்டு, ஒரு வாரம் நிழலில் வைத்துப் பிறகு வெயிலுக்குப் பழக்க வேண்டும். அதன் பின் நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும்.

நடும்போது ஒட்டுப் பகுதியை, அதாவது வேர் தரும் அடிச்செடியும் நாம் வாங்கிய ரகமும் இணையும் இடத்தை, புதைத்துவிடாதீர்கள். அதற்குக் கீழிருந்து வேகமாக எழும் தளிரைக் கண்டு மகிழ்ந்து விட்டுவைத்தால், அடிச்செடியே வளர்ந்து நாம் விரும்பி வாங்கிய ரகத்தை மெல்ல அழித்துவிடும். குச்சியிலிருந்து வேர்விட்டு வளரும் பன்னீர் ரோஜாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. புதிதாக வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு நான் அதைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தினமும் ஒரு குவளை ஊற்றுவதும் உதவாது. மேல்மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் வேர் நனைய ஊற்ற வேண்டும். மாலையில் இலைகளை நனைத்து இரவு முழுதும் ஈரமாக விட்டால் கரும்புள்ளி நோய் பரவும். உப்பு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரையே தொடர்ந்து ஊற்றும் வீடுகளில், இளந்தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க மஞ்சளாவதைக் காணலாம். அது இரும்புச் சத்துக் குறைவு. அந்த நீரால் காரத்தன்மை ஏறிய மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது என்பதால், யூரியா போடுவதால் பயன் இல்லை. மழைநீரும் மக்கிய தொழு உரமும்தான் நிலைமையைச் சீராக்கும். பாலும் சர்க்கரையும் கலந்த டீத்தூள் சக்கை எறும்பைத்தான் வரவழைக்கும். பச்சைச் சாணம் வேரைப் பொசுக்கும்.

இத்தனைக்கும் மேலாக, கவாத்து செய்ய, அதாவது கிளைகளை வெட்டிவிட, பயப்படுவது பெருந்தவறு. பூத்து நிற்கும் கிளையை வெட்ட மனம் வராதது இயல்புதான். ஆனால் வெட்டாத செடி உயரமாக மெலிந்து, உச்சியில் மட்டும் சிறுத்த பூக்களைத் தரும். தமிழ்நாட்டுச் சமவெளியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கவாத்துக் காலம் என்றாலும், பருவமழை கொட்டும் கடலோர மாவட்டங்களில் மழை ஓய்ந்த பின் வெட்டுவதே நல்லது. முழங்கால் உயரம் அளவுக்கு விட்டு, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே, கூரான கத்தரியால் சாய்வாக வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் குச்சியின் நடுச்சோறு வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால், நுனியிலிருந்து கீழ்நோக்கிக் குச்சியைக் காயவைக்கும் நுனிக்கருகல் நோய் உள்ளே இறங்கியிருக்கிறது என்று பொருள், வெள்ளை தெரியும்வரை இன்னும் கீழே வெட்ட வேண்டும். வெட்டுவாயில், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லியான போர்டோ பசையைத் தடவிவிடுங்கள். இதே வெட்டைச் சித்திரை வெயிலில் செய்தால், இலை நிழல் இழந்த தண்டுகள் கருகிவிடும். கோடையில் வாடிய பூக்களை, ஐந்து சிற்றிலை உள்ள இலைக்கு மேலே கிள்ளிவிடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.