தெருவுக்காகப் பணம் திரட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் தமிழ்நாட்டு நகரங்களில் புதிது புதிதாக வாட்ஸ்அப் குழுக்கள் முளைக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் பல தெருக்களுக்கு முதலில் சோறும் தண்ணீரும் கொண்டுபோனவர்கள் இப்படித் திரண்டவர்கள்தான். அவர்களில் பலர் மழை வடிந்த சில மாதங்களில் பேச்சுவார்த்தை முறிந்து பிரிந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் யாரும் பணத்தைத் திருடியிருக்க மாட்டார்கள். பணம் உட்கார்ந்த இடம் தவறாக இருந்திருக்கும்.

ரசீது கொடுங்கள், கணக்கு எழுதுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களே திரும்பத் திரும்ப விழும் பள்ளங்கள் வேறு.

ஒருவருடைய ஜிபே எண்ணில் பணம் வாங்குவது

இதைத்தான் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனை முறை சொன்னாலும் அடுத்த மழைக்கு மறுபடியும் இதேதான் நடக்கிறது.

குழுவில் நாணயமான ஒருவர் இருப்பார். “சார், உங்க நம்பருக்கே அனுப்பச் சொல்லிடறோம்” என்பார்கள். அவரும் சரி என்பார். இரண்டே நாளில் 500, 1,000 என்று நூற்றுக்கணக்கான வரவுகள். அதே கணக்கில்தான் அவருடைய சம்பளம் வருகிறது, வீட்டுக் கடன் தவணை போகிறது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் போகிறது. எது தெருப்பணம், எது வீட்டுப்பணம் என்று ஒரு மாதம் கழித்து அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

முதல் சிக்கல் வருமான வரி. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வாங்கும் தொகை மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், அந்த முழுத் தொகையும் வாங்கியவரின் வருமானமாகக் கருதப்படும். “இது என் பணமில்லை, தெருவுக்காக வாங்கி வைத்தேன்” என்று விளக்கம் சொல்லலாம். அதை நிரூபிக்கத் தீர்மானம் வேண்டும், ரசீது வேண்டும், செலவுச் சீட்டு வேண்டும். அவசரத்தில் கூடிய குழுவிடம் இந்த மூன்றும் இருப்பதில்லை.

இரண்டாவது, கணக்கு முடக்கம். சைபர் மோசடியில் பணத்தை இழந்தவர் 1930 எண்ணில் புகார் செய்தால், அந்தப் பணம் கைமாறிய கணக்குகளை வங்கிகள் வரிசையாக நிறுத்திவைக்கும். முகம் தெரியாத யாரோ அனுப்பிய 2,000 ரூபாய் அப்படிப்பட்ட பணமாக இருந்துவிட்டால், நல்ல மனிதரின் சம்பளக் கணக்கும் சேர்ந்து மாட்டிக்கொள்ளலாம். வேறு ஊர்க் காவல் நிலையத்துக்குக் கடிதம் எழுதி அதை விடுவிப்பதற்குள் அந்த மாதத் தவணை தவறிவிடும்.

மூன்றாவதைப் பேசவே சங்கடப்படுவார்கள். கணக்கு வைத்திருப்பவர் திடீரென்று இறந்துவிட்டால் பணம் அவருடைய நாமினியின் கைக்குப் போகும். அது தெருப்பணம் என்று சொல்ல சட்டப்படி அங்கே ஒரு சங்கமே இல்லை. துக்க வீட்டில் போய் நின்று, “அதில் எங்கள் பணம் 3 லட்சம் இருக்கிறது” என்று கேட்கும் நிலை எந்தத் தெருவுக்கும் வரக்கூடாது.

சரியான வழி கடினமானதல்ல. ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்கத்தைப் பதிவு செய்யலாம். பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் சங்கத்தின் பெயரிலேயே பான் எண் வாங்குங்கள். செயற்குழுவைக் கூட்டி, எந்த வங்கியில் கணக்கு, யார் யார் கையெழுத்து என்று தீர்மானம் போட்டு மினிட் புத்தகத்தில் ஏற்றுங்கள். சான்றிதழ், பைலா (சங்க விதிமுறைகள்), பான், தீர்மான நகல், கையெழுத்திடுவோரின் அடையாளச் சான்றுகள் ஆகியவற்றோடு வங்கிக்குப் போனால் கணக்கு கிடைக்கும். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்து என்று வையுங்கள். அந்த இருவர் ஒரே குடும்பத்தினராக இருக்கக்கூடாது. நெட் பேங்கிங் கேட்கும்போது, ஒருவர் பதிவிட்டு இன்னொருவர் ஒப்புதல் கொடுத்தால்தான் பணம் போகும் என்ற ஏற்பாட்டைக் கேட்டு வாங்குங்கள். காசோலைக்கு இரண்டு கையெழுத்து, கைப்பேசியில் ஒரே ஆள் என்றால் இரண்டு கையெழுத்து வைத்ததற்கே அர்த்தமில்லை.

கியூஆர் கோடு வந்ததும் நீங்களே ஸ்கேன் செய்து பாருங்கள். திரையில் சங்கத்தின் பெயர் வர வேண்டும். பொருளாளரின் பெயர் வந்தால் அதை அச்சடிக்காதீர்கள்.

“தண்ணீர் இடுப்பளவு நிற்கிறது, பதிவாளர் அலுவலகத்துக்கு எங்கே போவது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதிவு இல்லாத நிலையில் பணத்தைத் தொடாமலே உதவலாம். அரிசி, பால், குடிநீர் கேன் தருகிற கடைக்காரரின் கணக்குக்கே கொடையாளர்கள் நேரடியாக அனுப்பட்டும். பில்லை மட்டும் குழுவில் போடுங்கள். அல்லது ஏற்கெனவே பதிவான, தணிக்கை நடக்கிற அறக்கட்டளை ஒன்றிடம் பேசி, அதன் கணக்கில் பணம் சேர ஏற்பாடு செய்யுங்கள். சிகிச்சைக்காகத் திரட்டுவதென்றால் நோயாளியின் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு மருத்துவமனைக் கணக்கிலேயே கட்டச் சொல்லுங்கள்.

வேண்டுகோளிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: மிச்சமாகும் பணம் எதற்குப் போகும்? வெள்ள நிவாரணத்துக்கு வாங்கிய பணத்தில் 40,000 மிஞ்சினால், அதில் சங்கத்துக்கு நாற்காலி வாங்கலாமா, பள்ளிக்குக் கொடுக்கலாமா என்ற சண்டை மழையை விட நீண்ட நாள் ஓடும்.

பொறுப்பாளர் மாற்றத்தைப் பதியாமல் விடுவது

செயற்குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது என்கிறது அதே 1975 சட்டம். தேர்தல் நடத்துகிறார்கள், மாலை போடுகிறார்கள், பொறுப்பாளர் மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம் 7ஐ மட்டும் பதிவாளரிடம் தாக்கல் செய்வதில்லை. பிறகு புதிய பொருளாளர் வங்கிக்குப் போனால் பதிவாளரின் முத்திரை பதிந்த பட்டியலைக் கேட்பார்கள். அதில் இருப்பது பெங்களூருக்குக் குடிபோன பழைய செயலாளரின் பெயர். வரவு செலவுக் கணக்கையும் தாக்கல் செய்யாமல் சில ஆண்டுகள் விட்டிருந்தால், தாமதக் கட்டணத்தோடு எல்லாவற்றையும் சேர்த்துத் தாக்கல் செய்த பிறகுதான் காரியம் நகரும்.

“80ஜி உண்டு” என்று முதலிலேயே சொல்லிவிடுவது

80ஜி என்பது கொடையாளருக்கு வருமான வரியில் கழிவு கிடைக்கச் செய்யும் அனுமதி. சங்கப் பதிவும் 80ஜி அனுமதியும் வேறு வேறு. அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் 12ஏபி பதிவும் 80ஜி அனுமதியும் வருமான வரித்துறையிடம் தனியே வாங்க வேண்டியவை. புதிய அமைப்புக்கு முதலில் 3 ஆண்டுத் தற்காலிக அனுமதிதான் கிடைக்கும். குடியிருப்போர் நலச்சங்கம் தன் உறுப்பினர்களுக்கே வேலை செய்வதால் 80ஜி கிடைப்பது அரிது. பொதுமக்களுக்கான தொண்டு நோக்கமாக இருந்தால் தனியாக ஓர் அறக்கட்டளை தொடங்குவதே நல்லது. ஒரு குறிப்பிட்ட சாதிக்கோ மதத்தினருக்கோ மட்டும் என்று பத்திரத்தில் எழுதினால் 80ஜி கிடைக்காது.

அனுமதி இருந்தாலும் கொடையாளரிடம் சரியாகச் சொல்லுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக்கழிவு இல்லை. அரிசி மூட்டை, போர்வை எனப் பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. புதிய வரித் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு 80ஜி கழிவே கிடையாது. மற்றவர்களுக்கும், இப்படிப்பட்ட அறக்கட்டளைக்குக் கொடுத்ததில் பாதித் தொகைக்குத்தான் கழிவு, அதற்கும் உச்சவரம்பு உண்டு.

நிதியாண்டு முடிந்த பிறகு, மே 31க்குள் கொடையாளர் பட்டியலைப் படிவம் 10பிடியில் ஏற்ற வேண்டும். அதிலிருந்து உருவாகும் 10பிஇ சான்றிதழ்தான் கொடையாளருக்குப் பயன்படும். ரசீதுப் புத்தகத்தில் கிழித்துக் கொடுத்த தாள் போதாது. தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய். பலர் மே மாதம் உட்கார்ந்து 300 பேரின் பான் எண்ணைத் தேடுகிறார்கள். பணம் வாங்கும் நாளிலேயே பெயர், முகவரி, பான் அல்லது ஆதார் எண்ணை வாங்கிவிட்டால் அந்த ஓட்டம் இல்லை. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தால் 2026 ஏப்ரல் 1 முதல் பிரிவு எண்கள் மாறுகின்றன. நடப்பு எண்களை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் மாமா அனுப்பும் பணம்

இங்கே ஒரே ஒரு கேள்வி: எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. அவர் குடியுரிமை மாறியிருந்தால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருந்தாலும் அது வெளிநாட்டு நிதிதான். அதைச் சங்கம் வாங்க எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன்அனுமதியோ வேண்டும். அப்படி வாங்குகிற பணமும் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் உள்ள தனிக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். பதிவு இல்லாமல் வாங்குவது குற்றம். தொகை சிறியது, கொடுத்தவர் உறவுக்காரர் என்பதெல்லாம் இதற்குப் பதிலாகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கி ரசீதுக் கோப்பில் வையுங்கள்.

கேட்காத பொருளைக் குவிப்பது

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் பழைய துணிகள் சாலையோரம் மலையாகக் குவிந்து கிடந்தன. எடுத்து உடுத்த ஆளில்லை. களத்தில் இருப்பவரிடம் பேசி, அளவோடு பட்டியல் வாங்கிய பிறகே வேண்டுகோள் விடுங்கள். உள்ளாடை, சானிட்டரி நாப்கின், கொசுவலை, தார்ப்பாய் ஆகியவை எப்போதும் குறைவாகவே வரும். எல்லாம் புதியதாக இருக்க வேண்டும்.

வாங்குபவரின் முகத்தைப் படமெடுப்பது

வேண்டாம். பொருளையும் பில்லையும் படமெடுங்கள்.

மாநகராட்சி இடத்தில் நாமே வேலை செய்வது

சாலைப் பள்ளத்தில் கட்டட இடிபாட்டைக் கொட்டி நிரப்புகிறார்கள். அடுத்த மழையில் அது கரைந்து மழைநீர் வடிகாலை அடைக்கிறது. தெருவை மேடாக்கினால் இரு பக்கமும் உள்ள வீடுகள் பள்ளமாகின்றன. பூங்கா, அங்கன்வாடி, பள்ளிக் கட்டடம் போன்றவற்றுக்குப் பணம் திரட்டியிருந்தால் ‘நமக்கு நாமே’ திட்டத்தின்கீழ் போகலாம். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் தருவது, மீதி அரசுடையது. முதலில் விண்ணப்பம், பொறியாளரின் மதிப்பீடு, பங்குத் தொகை செலுத்துதல், பிறகுதான் வேலை. வேலையை முடித்துவிட்டு அரசின் பங்கைக் கேட்டுப் போகிறவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

வாய்மொழியாகப் புகார் சொல்வது

கவுன்சிலரைத் தெருவில் பார்த்துச் சொல்வது நல்லதுதான், ஆனால் அது பதிவாகாது. சென்னையில் மாநகராட்சிப் புகார் எண் 1913, மற்ற ஊர்களில் முதல்வரின் உதவி மையம் 1100. புகார் எண்ணை வாங்கிச் சங்கப் பதிவேட்டில் தேதியோடு எழுதுங்கள். வார்டு குழு, பகுதி சபைக் கூட்டங்களுக்கு 2022இல் விதிகள் வந்துவிட்டன. அங்கே மனுவை எழுத்தாகக் கொடுத்து, இன்னொரு நகலில் முத்திரை வாங்குங்கள். வேலை நடக்கவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு, அந்தப் புகார் எண்ணைக் குறிப்பிட்டு, எடுத்த நடவடிக்கையின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வரவில்லையென்றால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.